இடையில் நிற்பவர் கடமை

(சமூக வலைத்தளங்களைத் தெரிந்தெடுத்தலும் பயன்படுத்தலும் பற்றி வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



சமூக வலைத்தளங்களை எவ்வாறு தெரிந்தெடுப்பது, எவ்வாறு பயன்படுத்துவது என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்திருக்கின்றனர். இப்பொருளைக் கேட்டவுடனே இங்கு வீற்றிருக்கும் பெரியோருட் சிலர் முகஞ்சுளித்திருக்கலாம். வாலிபருட் சிலர் நகைத்திருக்கலாம். எந்நேரமும் கையிலே இருக்கும் ஒன்றைப் பற்றிப் பேச்சு எதற்கு என்பது வாலிபர் எண்ணம். அது எந்நேரமும் கையிலே இருப்பதே தவறு என்பது பெரியோர் எண்ணம். இவ்விரண்டு எண்ணங்களுக்கும் நடுவே நின்று சில கருத்துக்களை உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

முதலில் நமது நிலையை நோக்குவோம். உறவினர் அனைவரும் ஓரூரிலே கூடி வாழும் தமிழ்க் குடும்பத்தை வெள்ளவத்தையிலே காண்பது அரிது. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின்னரும், அதனைத் தொடர்ந்த போர்க்காலத்திலும் நம்மவர் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் பரிசுக்கும் சூரிச்சுக்கும் ஒஸ்லோவுக்கும் சிதறிச் சென்றனர். வடக்கிலே தொலைபேசி இயங்காதிருந்த 1990ஆம் ஆண்டுகளிலே, வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரலைக் கேட்பதற்கென்றே யாழ்ப்பாணத்திலிருந்து தாய்தந்தையர் கொழும்புக்கு வந்தனர். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளிலே தங்கி, ‘கொமினிகேஷன்’ கடைகளிலே வரிசையில் இருந்து, நிமிடக் கணக்கிற் பணங்கொடுத்துப் பேசிச் சென்றதைப் பெரியோர் நன்கறிவர். அன்று நிமிடத்தை எண்ணி எண்ணிப் பேசிய தாயார் இன்று வட்ஸ்அப்பிலே பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தே பேசுகின்றார். ஆகவே இது நமக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று. பிரிந்த குடும்பத்தைச் சேர்த்துப் பிடிக்கும் கயிறு.

இவற்றை விட்டொழியுங்கள் என்னும் உபதேசம் இதனால் நமக்குப் பயன்படாது. ஆனால் காணும் தளத்திலெல்லாம் பெயரைப் பதிந்து, ஆயிரம் பேரைச் சிநேகிதர் என்று சேர்த்து வைப்பதும் உறவாகாது. திருவள்ளுவர் பொருட்பாலிலே நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று ஐந்து அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவற்றுள் மூன்று, ஆராய்வதற்கும் எச்சரிப்பதற்குமே வைக்கப்பட்டவை என்பதை நாம் கவனித்தல் வேண்டும். அந்த ஆராய்ச்சியை இந்த நூற்றாண்டின் கருவிக்குப் பொருத்திப் பார்ப்பதே இப்பேச்சின் நோக்கம்.

அறிமுகம் என்பது எவ்வாறு வேலை செய்கின்றது? இதனை அறிவதற்கு, இணையம் பிறப்பதற்கு முன்னர் நடந்த ஒரு பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். ஸ்ரான்லி மில்கிராம் என்னும் அமெரிக்க உளவியலறிஞர், ஜெஃப்ரி ட்ரவேர்ஸ் என்பவரோடு சேர்ந்து 1969இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். நெப்ராஸ்கா மாநிலத்திலும் பொஸ்ரன் நகரிலுமாக 296 பேரைத் தெரிந்தெடுத்து, பொஸ்ரனிலே பங்குத் தரகராயிருந்த ஒருவருக்கு ஒரு கடிதக்கட்டைச் சேர்ப்பிக்கும்படி கேட்டனர். நிபந்தனை ஒன்றே. அத்தரகரை நேரே அறியாதவர், அவரை அறிந்திருக்கக்கூடிய தம் சிநேகிதர் ஒருவருக்கு அதனை அனுப்பவேண்டும். அவரும் அவ்வாறே செய்யவேண்டும். 64 கடிதக்கட்டுக்கள் தரகரிடம் போய்ச் சேர்ந்தன. அவ்வாறு சேர்ந்தவற்றிலே சராசரியாக ஐந்து பேர் இடையிலே நின்று கைமாற்றியிருந்தனர்.

எவரையும் ஆறு படிகளில் அடையலாம் என்னும் செய்தியை உலகம் இதிலிருந்து எடுத்துக்கொண்டது. நாமோ மற்றைய பாதியையும் எடுத்துக்கொள்ளவேண்டும். 232 கடிதக்கட்டுக்கள் போய்ச் சேரவில்லை. தரகர் எட்டாத தூரத்தில் இருந்தார் என்பதன்று காரணம். யாரோ ஒருவர் அதனைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்தவருக்கு அனுப்பாமல் இருந்துவிட்டார். சங்கிலியின் பலம் அதன் இடையிலே நிற்பவரின் கையில் இருக்கின்றது. இன்று நாம் சொல்ல வந்தது இந்த ஒன்றே. மற்றவையெல்லாம் இதன் விரிவு.

1973ஆம் ஆண்டிலே மார்க் கிரனோவெற்றர் என்னும் சமூகவியலறிஞர் இன்னொன்றைக் கண்டார். பொஸ்ரனுக்கு அணித்தான நியூற்றன் என்னும் ஊரிலே, தெரிந்தவர் மூலமாகப் புதிய உத்தியோகம் பெற்றவர்களிடம், “உங்களுக்கு அச்செய்தியைச் சொன்னவரை அக்காலத்திலே எத்தனை முறை சந்தித்தீர்கள்?” என்று வினவினார். வாரத்தில் இருமுறையேனும் சந்தித்ததாகக் கூறியவர் நூற்றுக்கு 16.7 பேரே. இடையிடையே சந்தித்தவர் 55.6 பேர். ஆண்டிற்கு ஒருமுறையோ அதனினும் குறைவாகவோ சந்தித்தவர் 27.8 பேர். நெருங்கியவரைக் காட்டிலும் தூரத்து அறிமுகமே வேலைக்குப் பெரிதும் உதவிற்று. காரணம் எளிது. நம்மோடு நெருங்கியவருக்குத் தெரிந்தவை பெரும்பாலும் நமக்கும் தெரிந்தவையே. நாம் கேள்விப்படாத செய்தி, நாம் போகாத இடத்திற்குப் போய்வருபவரிடத்திலே இருக்கின்றது.

இதனை நமது சமூகத்திற்குப் பொருத்திப் பாருங்கள். நாம் சொந்தத்தை நம்புகின்றோம், ஊரவரை நம்புகின்றோம், பழைய மாணவர் சங்கத்தை நம்புகின்றோம். அது நல்ல குணம். ஆனால் கொட்டாஞ்சேனையிலே ஜம்பட்டா வீதியில் வாழும் ஒரு மாணவனை நினைத்துக்கொள்வோம். தந்தையார் செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றிலே கணக்கெழுதுகின்றார்; மாமனார் புறக்கோட்டையிலே மொத்த வியாபாரம் செய்கின்றார்; சித்தப்பா பக்கத்துக் கடையிலே நிற்கின்றார். மகனோ புள்ளிவிபரவியல் படிக்கின்றான். உறவினர் எல்லோரும் அன்புள்ளவர். ஆயினும் அவர்கள் அனைவருக்கும் தெரிந்த வேலைகள் ஒரே தெருவிலுள்ள வேலைகள். அவனுடைய படிப்புக்கு எந்தக் கந்தோரிலே இடமுண்டு என்பதை அவர்களால் சொல்ல இயலாது. வெள்ளவத்தையிலே மாமனார் வங்கி முகாமையாளராயும் பெரியம்மா வைத்தியராயும் அமைந்த பிள்ளைக்கு வழி தானே திறக்கின்றது. இந்த ஏற்றத்தாழ்வை ஓரளவேனும் குறைப்பதற்கு வலைத்தளம் உதவுமாயின், அதனைக் கற்றுக்கொள்வது நமது கடமையாகும்.

அது உதவுமா? 2022இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையிலே வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று உதவும் என்கின்றது. லிங்க்டின் என்னும் உத்தியோகத் தளத்திலே ஐந்து ஆண்டு காலத்தில் இரண்டு கோடி அங்கத்தவரிடையே நடந்த பரிசோதனைகளை அறிஞர்கள் ஆராய்ந்தனர். புதிய வேலைக்கு அதிகம் உதவியவர் மிக நெருங்கியவரும் அல்லர். முற்றிலும் அந்நியரும் அல்லர். பொதுவாகச் சிலரைத் தெரிந்திருக்கும் நடுத்தர அறிமுகத்தவரே. இதிலே இன்னொரு பாடமும் உண்டு. யாருக்கு யாரை அறிமுகம் செய்வது என்பதைத் தளம் தானே மாற்றி மாற்றிப் பரிசோதித்தது. தளம் என்பது வெறும் மண்டபம் அன்று. யாரை யாருக்குப் பக்கத்தில் இருத்துவது என்று தீர்மானிக்கும் ஒரு வீட்டுக்காரரும் அங்கே இருக்கின்றார். விருந்துக்குப் போகும் நாம் இதனை மறத்தலாகாது.

அப்படியாயின் எந்தத் தளத்தைத் தெரிந்தெடுப்பது? மூன்று வினாக்களைக் கேட்கும்படி பரிந்துரைக்கின்றோம். நாம் தேடுபவர் அங்கே இருக்கின்றாரா? நாம் எழுதுவதை யார் யார் பார்ப்பார்? நாளைக்கு அத்தளம் மூடப்பட்டால் நம் கையிலே என்ன மிஞ்சும்?

முதல் இரண்டு வினாக்களையும் சேர்த்து நோக்குவோம். வட்ஸ்அப் தொலைபேசி எண்ணை அடிப்படையாகக் கொண்டது. 2016 முதல் அதிலே அனுப்பும் செய்தியை அனுப்புபவரும் பெறுபவருமன்றி, இடையிலுள்ள கொம்பனி வாசிக்க இயலாதவாறு பூட்டு அமைத்திருக்கின்றனர். ஆகவே குடும்பத்திற்கும் நெருங்கிய சிநேகிதருக்கும் அது தகும். ஆனால் முன்பின் அறியாதோர் பலர் உள்ள குழுவிலே நாம் சேரும்பொழுது, நமது எண் அங்குள்ள அனைவர் கையிலும் சென்றுவிடுகின்றது. பேஸ்புக் அகன்ற உறவுக்கு ஏற்றது. பழைய வகுப்புத் தோழர், ஒன்றுவிட்ட சகோதரர், ஊர்க் கோயிலின் திருவிழாச் செய்தி, மரண அறிவித்தல் ஆகியவை அங்கே கிடைக்கும். 2004இல் ஹாவர்ட் மாணவருக்கென ஆரம்பிக்கப்பட்ட அது, 2006 செப்டெம்பரிலே 13 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் திறக்கப்பட்டது. அதன் வருமானம் பெரும்பாலும் விளம்பரத்தினால் வருவது. ஆதலின் நாம் அங்கே எவ்வளவு நேரம் தங்குகின்றோமோ அவ்வளவு அதற்கு இலாபம். இன்ஸ்ரகிராம் படங்களுக்குரியது. தையல், சமையல், சித்திரம், புகைப்படம் முதலிய கைத்தொழில் உடையோருக்கு அது கடைவாசல் போன்றது. அவ்வாறான தொழில் இல்லாதோருக்கு அது பெரும்பாலும் நேரத்தை விழுங்கும் வாய்.

லிங்க்டின் 2003இல் ஆரம்பமாகி, 2016இல் மைக்ரோசொப்ற் கொம்பனிக்குச் சொந்தமாயிற்று. உத்தியோகம், படிப்பு, தொழில் அனுபவம் என்பவற்றுக்கே உரியது. அங்கே ஒருவருடைய பெயருக்குப் பக்கத்திலே, அவர் நமக்கு நேரே தெரிந்தவரா, தெரிந்தவருக்குத் தெரிந்தவரா, அதற்கும் அப்பாற்பட்டவரா என்பது ஒன்று, இரண்டு, மூன்று என்று குறிக்கப்பட்டிருக்கும். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் இரண்டு என்று குறிக்கப்பட்டிருப்பார். அவரை அடைவதற்கு இடையில் நிற்பவர் ஒருவர் உண்டு என்பதையும் அத்தளமே காட்டுகின்றது. ஆகவே குடும்பத்துக்கு ஒன்று, அகன்ற உறவுக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று என்று மூன்று போதும். ஒன்றின் செய்தியை மற்றொன்றிலே கலவாதிருப்பது நல்லது. வீட்டுக் குசினியிலே பேசும் பேச்சை நேர்முகப் பரீட்சையிலே நாம் பேசுவதில்லை அல்லவா?

மூன்றாவது வினா, மிஞ்சுவது என்ன என்பது. வலைத்தளம் நிலையானது என்று எண்ணுவோர் அதன் சரித்திரத்தைப் படிக்கவேண்டும். 1997இல் தோன்றிய ‘சிக்ஸ் டிகிரீஸ்’ சில ஆண்டுகளுக்குள்ளே மறைந்தது. 2002இல் தோன்றிய ‘பிரண்ட்ஸ்ரர்’ தென்கிழக்காசியாவிலே மிகப் பிரபலமாயிருந்தது. 2011இல் அங்கத்தவரின் படங்களையும் எழுத்துக்களையும் நீக்கிவிட்டு விளையாட்டுத் தளமாக மாறிற்று. இந்தியாவிலே வாலிபர் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்த ‘ஓர்குட்’ 2004இல் பிறந்து 2014 செப்டெம்பர் 30ஆம் திகதி மூடப்பட்டது. ‘கூகிள் பிளஸ்’ 2011இல் பிறந்து 2019 ஏப்ரிலிலே மறைந்தது. ‘மைஸ்பேஸ்’ என்னும் தளம், 2016க்கு முன்னர் அங்கத்தவர் ஏற்றி வைத்த பாடல்கள் அழிந்துபோயின என்று 2019இல் ஒப்புக்கொண்டது.

தளம் மூடப்படாமலே கதவு அடைக்கப்படுவதும் உண்டு. நமது நாட்டிலேயே, கண்டி மாவட்டக் கலவரத்தின்போது 2018 மார்ச்சிலே ஒரு வாரத்துக்கு மேல் தளங்கள் தடைசெய்யப்பட்டன. 2019 ஏப்ரில் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, கொட்டாஞ்சேனையின் அயலிலே கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தது. எத்தனையோ வீடுகளிலே, எங்கள் பிள்ளை எங்கே, எங்கள் அயலவர் எங்கே என்று தவித்த அதே நாளிலேயே பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் வைபரும் தடைப்பட்டன. 30ஆம் திகதிவரை தடை நீடித்தது. 2022 ஏப்ரில் 3ஆம் திகதி மீண்டும் பல மணி நேரம் தடை. இவையன்றி, 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி ஒரு தொழினுட்பக் கோளாறினால் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் உலகெங்கும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் இயங்கவில்லை. ஆதலின் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு கொப்பியிலே, முக்கியமான இருபது முப்பது பேரின் தொலைபேசி எண்ணும் விலாசமும் மையினால் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். பாட்டியாருடைய பழைய விலாசப் புத்தகத்தைக் கண்டு சிரிக்கும் நாம், அதன் அருமையை அந்த ஏப்ரில் மாதத்திலே உணர்ந்திருக்கவேண்டும்.

இனிப் பயன்படுத்தும் முறையைப் பார்ப்போம். முதலிலே பெயர். நம்மவர் பலருக்கு முன்னே தந்தையார் பெயரும் பின்னே சொந்தப் பெயரும் இருப்பது வழக்கம். தளங்களோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டிகளை வைத்து நிரப்பச் சொல்கின்றன. ஒரு தளத்திலே ஒரு விதமாகவும், சான்றிதழிலே இன்னொரு விதமாகவும், கடவுச்சீட்டிலே மற்றொரு விதமாகவும் எழுதினால், நம்மைத் தேடுபவர் மூன்று வேறு ஆட்களைக் காண்பார். சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலையே எங்கும் எழுதுங்கள். அடுத்தது தகுதி. செய்தவற்றைச் சொல்லுங்கள்; செய்யாததைச் சொல்லாதீர்கள். “கடினமாக உழைப்பவர்” என்று பத்து முறை எழுதுவதைக் காட்டிலும், “சங்க நூலகத்திலே நூல்களுக்கு அட்டவணை தயாரித்தவர்” என்று ஒருமுறை எழுதுவது மேல்.

அடுத்தது கடிதம். முன்பின் தெரியாத பெரியவர் ஒருவருக்கு, “எனக்கு ஒரு வேலை எடுத்துத் தாருங்கள்” என்று எழுதுவது, முதல் முறை சந்தித்தவரிடம் கடன் கேட்பது போன்றது. அவருக்குச் சங்கடம், நமக்கு ஏமாற்றம். நான்கு வசனம் போதும். நாம் யார் என்பது ஒன்று. அவரை எவ்வாறு அறிந்தோம், யார் மூலம் அறிந்தோம் என்பது இரண்டு. அவருடைய வேலையிலே நாம் அறிய விரும்பும் குறிப்பான ஒரு விஷயம் மூன்று. அதுபற்றிப் பதினைந்து நிமிடம் பேசலாமா என்னும் வேண்டுகோள் நான்கு. மறுமொழி வந்தால் நன்றி எழுதுங்கள். வராவிட்டால் ஒருமுறை பணிவாக நினைவூட்டுங்கள், அதன்மேல் வருத்தாதீர்கள். வேலை கிடைத்த பின்னர், வழிகாட்டியவருக்கு அச்செய்தியைத் தெரிவிக்க மறக்கக்கூடாது. நம்முள் பலர் தவறவிடுவது இதையே. உதவி கேட்கும்பொழுது மட்டும் எழுதுபவரை உலகம் விரைவிலே அறிந்துகொள்ளும்.

மிஷன் பாடசாலையிலே பயின்ற நம் போன்றோருக்கு இங்கே ஒரு வாய்ப்பு உண்டு. ஒரே மைதானத்திலே சிங்களப் பிள்ளைகளோடும் முஸ்லிம் பிள்ளைகளோடும் பறங்கியர் பிள்ளைகளோடும் விளையாடினோம். அவர்கள் இன்று வேறு வேறு கந்தோர்களிலே, வேறு வேறு ஊர்களிலே இருக்கின்றனர். கிரனோவெற்றர் சொன்ன தூரத்து அறிமுகம் அவர்களே. ஒரு பிறந்தநாள் வாழ்த்து, ஒரு பெருநாள் வாழ்த்து, ஒரு சுகவிசாரிப்பு — இவ்வளவால் அந்த நூல் அறாமல் இருக்கும். நம் பட்டியலிலே நம்மவர் மாத்திரமே இருப்பாராயின், நாம் உலகத்தோடு சேர்ந்திருக்கின்றோம் என்று சொல்வதிலே பொருளில்லை.

இதுவரை கடிதத்தைக் கைமாற்றுவது பற்றிப் பேசினோம். கைமாற்றக்கூடாதவையும் உண்டு. அவற்றை நிறுத்துவதும் இடையில் நிற்பவர் கடமையே.

முதலாவது வதந்தி. வதந்தி என்ன செய்யும் என்பதை இந்த நகரத்திலே நமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. 1983 ஜூலை 29ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, கொழும்பிலே புலிகள் புகுந்துவிட்டனர் என்ற பொய் வாய்க்கு வாய் பரவி, அன்றும் தமிழர் கொல்லப்பட்டனர். அன்று தளமும் இல்லை, கைத்தொலைபேசியும் இல்லை. கைமாற்றுபவர் மாத்திரம் இருந்தனர். 2018இலே அம்பாறையில் முஸ்லிம் உணவுக்கடை ஒன்றிலே மலடாக்கும் மருந்து கலக்கப்பட்டதாக எழுந்த பொய் பேஸ்புக்கிலே பரவிற்று. அடுத்து வந்த நாட்களிலே கண்டி மாவட்டத்திலே வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அக்கலவரத்திலே தனது தளத்துக்கு இருந்த பங்குக்காகப் பேஸ்புக் கொம்பனி 2020 மே மாதத்திலே மன்னிப்புக் கேட்டது. மன்னிப்புக் கேட்ட கொம்பனி ஒன்று; பொய்யைப் பகிர்ந்த விரல்களோ பல. அவ்விரல்களுக்கு உரியோர் எவரேனும் மன்னிப்புக் கேட்டனரா? வதந்தியால் அடிபட்ட நாம், இன்னொரு சமூகத்தைப் பற்றிய வதந்தியை நம் குடும்பக் குழுவிலே கண்டால், “இது எங்கிருந்து வந்தது, பெரியப்பா?” என்று பணிவோடு ஒரு கேள்வி கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். 2024 ஜனவரியிலே பாராளுமன்றம் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அது பேச்சுரிமைக்குப் பங்கம் விளைக்கும் என்று கண்டித்தோர் பலர். சட்டம் எவ்வாறாயினும், நமது மனச்சாட்சிக்கு அது முன்னரே தெரிந்த விஷயம்.

இரண்டாவது பொய் வேலை. அண்மை ஆண்டுகளிலே, தாய்லாந்திலே நல்ல சம்பளத்துடன் கணினி வேலை என்று வலைத்தளங்கள் வழியாக அழைக்கப்பட்ட இலங்கை வாலிபர் பலர், எல்லை கடத்தப்பட்டு, மியான்மாரின் மியாவடிப் பகுதியிலுள்ள மோசடி முகாம்களிலே அடைக்கப்பட்டனர். அங்கே அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, வேறு நாட்டாரை வலைத்தளத்திலே ஏமாற்றிப் பணம் பறிப்பது. அவர்களை மீட்பதற்கு நமது அரசாங்கம் மற்றைய அரசாங்கங்களோடு பேசவேண்டியதாயிற்று. அவ்வாறான விளம்பரத்தை, “யாருக்காவது உதவும்” என்ற நல்லெண்ணத்தோடு பகிர்பவர், அறியாமலே தரகராகின்றார். வெளிநாட்டு வேலை அறிவித்தல் எதையும் பகிர்வதற்கு முன்னர், அந்த முகவர் நிலையம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலே பதிவு பெற்றதா என்று 1989 என்னும் எண்ணிலே கேளுங்கள். சுற்றுலா விசாவிலே வேலைக்கு வா என்பவரையும், வேலை தருவதற்கு முன்னர் பணம் கேட்பவரையும் நம்பாதீர்கள்.

மூன்றாவது பிறருடைய அந்தரங்கம். 2018இலே வெளிப்பட்ட கேம்பிரிட்ஜ் அனலிற்றிக்கா விவகாரம் இதற்குச் சான்று. பேஸ்புக்கிலே ஒரு வினாவிடைச் செயலியைச் சேர்த்துக்கொண்டவர் ஏறக்குறைய 2,70,000 பேர். ஆனால் அவர்களுடைய சிநேகிதர் விபரங்களும் சேர்ந்து, 8 கோடி 70 இலட்சம் பேர்வரையிலானோரின் விபரங்கள் வெளியே சென்றிருக்கலாம் என்று அக்கொம்பனியே கூறிற்று. ஒருவர் திறந்த கதவால் முந்நூறு பேரின் வீட்டுக்குள் கள்வன் புகுந்தான். ஆகவே, “எனக்கு மறைக்க ஒன்றுமில்லை” என்று சொல்வது போதாது. நம்மை நம்பியவர் நம் பட்டியலிலே இருக்கின்றனர். வட்ஸ்அப்பிலே தெரிந்தவர் பெயரிலே வந்து, “உங்களுக்கு வந்த ஆறிலக்கத்தை அனுப்புங்கள்” என்று கேட்டால் அனுப்பாதீர்கள். அது உங்கள் கணக்கின் திறப்பு. அதைக் கொடுத்தால், அடுத்து உங்கள் பெயராலே உங்கள் மாமியாரிடம் பணம் கேட்கப்படும். இரட்டைச் சரிபார்ப்பு என்னும் பாதுகாப்பை இன்றிரவே ஒவ்வொருவரும் அமைத்துக்கொள்ளுங்கள்.

இவ்விடத்திலே சகோதரிகள் பொருட்டு ஒரு வார்த்தை. பெண் பிள்ளையின் படம் களவாடப்பட்டுத் தவறாகப் பயன்படுத்தப்பட்டால், “நீ ஏன் படம் போட்டாய்?” என்று அவளையே கேட்கும் வழக்கம் நம்மிடம் இருக்கின்றது. இது நியாயமன்று. களவாடியவன் ஒருவன், பார்த்துச் சிரித்து இருபது பேருக்கு அனுப்பியவர் பலர். குற்றம் அவர்களைச் சாரும். வீட்டிலே ஏச்சுக்குப் பயந்து பிள்ளை வாய்திறவாதிருப்பதனாலேயே அக்கயவர் துணிவு பெறுகின்றனர். பெற்றோர் முதலிலே அவளோடு நிற்கவேண்டும். பின்னர் ஆதாரத்தைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு, பொலீசிலும், 101 என்னும் எண்ணிலே ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்திலும் முறையிடலாம். வாலிபர்களே, அவ்வாறான படம் உங்கள் கைக்கு வந்தால் அது உங்களோடு நிற்கட்டும். கடிதத்தைக் கைமாற்றாமை குற்றமாவது போலவே, இதைக் கைமாற்றுவது குற்றம்.

பேச்சோடு நின்றுவிடாமல், சங்கத்திற்கு மூன்று சிறு யோசனைகளைச் சமர்ப்பிக்கின்றோம். முதலாவது: உத்தியோகத்திலே இருக்கும், அல்லது இளைப்பாறிய ஒவ்வொரு பெரியவரும், தம் உறவினர் அல்லாத ஒரு மாணவரை, தமக்குத் தெரிந்த ஒருவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை அறிமுகம் செய்து வைக்கவேண்டும். வெள்ளவத்தைப் பெரியவர் கொட்டாஞ்சேனைப் பிள்ளையைத் தெரிந்தெடுப்பது இன்னும் சிறப்பு. இது சிபார்சு அன்று. தகுதியைப் பிள்ளை தானே காட்டவேண்டும். பெரியவர் கதவைத் தட்டிக் கொடுத்தால் போதும். இரண்டாவது: இதற்கு ஈடாக வாலிபர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்திலே இருந்து, பெரியோருக்குத் தளங்களைப் பாதுகாப்பாக அமைத்துக் கொடுக்கவேண்டும். ஏளனமின்றி, பொறுமையோடு, மூன்று முறை கேட்டாலும் மூன்று முறை சொல்லிக் கொடுத்தல் வேண்டும். எழுத்துக் கற்பித்த கைகளுக்கு நாம் செய்யும் சிறு கைம்மாறு அது. மூன்றாவது: சங்கத்தின் வட்ஸ்அப் குழுவிலே, மூலம் தெரியாத செய்தியைப் போடுவதில்லை என்று நாமனைவரும் ஒரு தீர்மானம் செய்துகொள்வோம்.

பெரியோர்களே, வாலிபர்களே! முகங்காணாத நட்பு நமக்குப் புதிதன்று. உறையூரிலே கோப்பெருஞ்சோழனும், பாண்டி நாட்டிலே பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே உயிர்ச் சிநேகிதராய் வாழ்ந்தனர். சோழன் வடக்கிருந்தபோது, புலவர் வருவார் என்று இடம் ஒதுக்கி வைத்தான்; அவரும் வந்தார். அவர்களுக்கிடையே இருந்த தூரத்தைக் கடந்து, ஒருவர் புகழை மற்றவர் காதிலே கொண்டுபோய்ச் சேர்த்தவர் யாவர்? வழிப்போக்கரோ, பாணரோ, வணிகரோ, நாமறியோம். அவர்கள் உண்மையைச் சொன்னார்கள். சொன்னதைச் சரியாகச் சேர்ப்பித்தார்கள். பெயர் தெரியாத அந்த இடைநின்றோர் இல்லாவிட்டால் அந்த நட்பே இல்லை.

இன்று அந்த இடத்திலே நாம் நிற்கின்றோம். நல்ல கடிதம் நம் கையிலே தங்காதிருக்கட்டும். பொல்லாத செய்தி நம் கையைத் தாண்டாதிருக்கட்டும்.